இரண்டு நல்ல தட்டுகள்

அம்மாவைக் கொண்டுபோன நோய் தம்பியின் ரத்தத்திலும் இருக்கிறது. மூளையில் ஒரு புரதம் தப்பாக மடங்கி, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே கெடுக்கும் நோய், பரம்பரை வகை. எனக்கு இல்லை என்று சோதனையில் தெரிந்த அன்று எனக்கு அவமானமாக இருந்தது. அவன்தான் சிரித்தான்.

"அம்மா மொத்தச் சொத்தையும் எனக்கே எழுதி வச்சுட்டாங்கக்கா."

அவன் எலெக்ட்ரீஷியன். விளக்குக் கடையில் வேலை பார்க்கும் ஒருத்திக்கு அவன்மேல் உயிர், அவனுக்கும் அப்படித்தான். மாதக் கடைசியில் அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிறாள். அதற்குள் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகத் தம்பி சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

என் வேலையே அந்த நோய்தான். ஆய்வகத்தில் நரம்பு செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறோம். செல்லின் கிளைகளில் பொடிப்பொடியாக முட்கள் இருக்கும். ஒரு செல் இன்னொன்றோடு பேசுவது அவற்றின் வழியாகத்தான். நோய்ப் புரதத்தை ஊற்றினால், செல் சாவதற்கு வெகு முன்பே முட்கள் உதிர்ந்து கிளை மொட்டையாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் மூன்று தட்டு: நல்லது, நோய் கண்டது, நோய் கண்டபின் மருந்து கொடுத்தது. எது எது என்று முட்களை எண்ணுகிற எனக்குத் தெரியக் கூடாது, ஆசை கண்ணை ஏமாற்றிவிடும். தட்டுகளின் அடியில் ரகசிய எண் ஒட்டுகிறவர் என் சகா, நான் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. இதுவரை பார்த்த மருந்துகளில் எல்லாம் ஒரு தட்டில் முட்கள் இருக்கும், மற்ற இரண்டும் மொட்டை.

அன்று இரண்டு தட்டு அடர்த்தியாக இருந்தன. ஒன்றுதான் மொட்டை. நல்ல தட்டையே இரண்டு முறை வைத்துவிட்டார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. தூக்கத்தில் வேலை பார்க்கிறீர்களா என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் தட்டுகளைத் திருப்பி எண்களைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் மாத்தி வைக்கல. அந்த ரெண்டாவது, மருந்து கொடுத்தது."

மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்று மூஞ்சியை மாற்றாமலே சொன்னார். புதிய செல்களை வளர்த்து, வேறொருவரை எண்ண வைத்தோம். மறுபடியும் அதேதான். கெட்ட புரதம் தட்டில் அப்படியே கிடந்தது, ஆனால் உதிர்ந்த முட்கள் திரும்ப முளைத்திருந்தன.

தம்பி ஒரு மாடிப்படியில் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். அங்கேயே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு வேறு, தலை வேறு என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். மனிதருக்கு மருந்தாக வர வருஷக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றேன். அவன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"உதிர்ந்தது திரும்ப முளைக்கும்னு உனக்கு முன்னாடி தெரியுமாக்கா?"

"தெரியாதுடா. முளைக்காதுன்னுதான் நெனச்சேன்."

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"நீ இவ்வளவு படிச்சும் தப்பா நெனச்சிருக்க. நான் யாரு, அவளுக்கும் சேர்த்து முடிவு பண்ண? நோயைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிடுறேன். வேணுமா வேண்டாமான்னு அவ சொல்லட்டும்."

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, விளக்குக் கடை மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று இறங்கி ஓடினான்.