முயலை எங்கே பார்த்தாய்?

எங்கள் கல்லூரியின் இயற்கை மன்றத்தில் ஐந்து பேர். ஐவரும் போளூர்க்காரர்கள். காட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செல்போனில் பார்த்ததுதான். ஆகவே, ஜவ்வாது மலைமேல் வாழும் பிள்ளைகளுக்குக் காட்டை அறிமுகப்படுத்தப் பஸ் ஏறினோம்.

மன்றச் செயலாளர் அன்பரசன் முதல் மரத்தடியிலேயே கையை நீட்டி, "அதோ பாருங்க, தூக்கணாங்குருவிக் கூடு" என்றான்.

"அது குளவிக் கூடுண்ணா. கையைக் கீழ போடு" என்றாள் கலைவாணி. ஐந்தாம் வகுப்பு.

அதற்குப் பிறகு அவள் முன்னால் நடந்தாள். மன்றம் பின்னால் போனது.

நடை முடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். என்ன உயிரினம், எங்கே பார்த்தாய், அப்போது அது என்ன செய்தது என்று மூன்று கட்டங்கள். இதுவரை பார்த்த எல்லாவற்றையும் எழுதலாம், பொய் மட்டும் எழுதக்கூடாது என்று அன்பரசன் விரலை ஆட்டிச் சொன்னான். முதல் பரிசு பைனாகுலர். கலைவாணி அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"உனக்கு இன்னாத்துக்கு அது?" என்று கேட்டேன்.

"தேன் எந்தக் கொம்புல கீதுன்னு எங்கப்பா மரமேறித்தான் பாக்குது. இது இருந்தா கீழ நின்னே பாத்துடும்ல."

இருபத்தேழு உயிரினங்கள் எழுதியிருந்தாள். பதினோராவது, காட்டு முயல். எங்கே பார்த்தாய்: எங்கள் வீட்டுச் சட்டியில். என்ன செய்தது: வெந்தது.

மூன்று வருடமாகக் கல்லூரிச் சுவரேட்டில் நகைச்சுவை எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. படமெடுத்து, 'வனவிலங்குகளை அவற்றின் இயல்பான வாழிடத்தில் காண்போம்' என்று மேலே எழுதி, ஸ்டேட்டஸ் போட்டேன். தாளின் தலையில் அவள் பெயரும் அப்பா பெயரும் ஊரும் உருண்டை உருண்டையாக இருந்தன. படத்துக்கே அதுதான் அழகு என்று விட்டுவிட்டேன். இரண்டே நாளில் என் பெரியப்பா அதை எனக்கே அனுப்பிச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை பரிசு கொடுக்கப் போனோம். கலைவாணியின் கழுத்தில் பைனாகுலரை மாட்டினோம். கைதட்டல் முடிந்த பிறகு, வாசலில் நின்றிருந்த அவள் அம்மா மாதம்மாள் கிட்டே வந்தாள்.

"புதன்கிழமை ஃபாரஸ்ட்டு ஆளுங்க வந்தாங்க சார். புள்ள எழுதுனது அவங்க போன்ல இருந்துச்சு. எங்க வூட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. அதான், புள்ளையையே படிக்கச் சொன்னாங்க."

கலைவாணி திக்காமல் படித்தாளாம். வாசிப்பில் பள்ளிக்கே அவள்தான் முதல். படித்து முடித்ததும், கூரையில் செருகியிருந்த கண்ணிக் கம்பியையும் சின்னக்குழந்தை என்ற அவள் அப்பாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினைந்து நாள் ரிமாண்டு.

"எவனோ போன்ல போட்டானாம். நல்லா இருப்பானா சார் அவன்?"

"இருக்க மாட்டான்" என்றேன். அன்பரசன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதம்மாள் அந்தத் தாளைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பதினோராவது வரிசையில் அன்பரசன் பெரிதாக 'சரி' போட்டிருந்தான்.

"இதைத் தப்புன்னு போட்டுக் குடுங்க சார். பரிச்ச வச்சவங்களே தப்புன்னு சொல்லிட்டாங்கன்னு ஆபீசுல காட்டி, ஆளைக் கூட்டியாந்துர்றேன்."

அது செல்லாது என்று சொல்லியிருக்க வேண்டும். படம் யார் போட்டது என்றும் சொல்லியிருக்க வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்து முயலை அடித்தேன். 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்பரசன் மன்றத்தின் முத்திரையைக் குத்தினான். மாதம்மாள் கும்பிட்டாள்.

கலைவாணி பைனாகுலரைக் கழற்றி நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோம்மா. ஒன்னுதானே தப்பு? இருபத்தாறு சரி. அப்பவும் நீதான் ஃபர்ஸ்ட்டு."

அவள் அம்மாவிடமிருந்து தாளை வாங்கி என் முன்னால் வைத்தாள்.

"மத்ததையும் அடிச்சுடுண்ணா. பதினாலுல சித்தப்பா கீது. பத்தொம்பதுல கோவிந்தன் மாமா."

மூடிய பேனாவை மறுபடி திறந்தேன்.