பதினேழாம் இலக்கச் சீட்டு

திரும்பி வந்த கட்டுகளில் முதலாவதை மனேஜர் ஞானசேகரம் மேசையில் வைத்து அறுத்தபோது பதினேழாம் இலக்கச் சீட்டு வெளியே விழுந்தது. நிரோஷினியின் இலக்கம். எனக்குள் ஏதோ இலேசானது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தேயிலை அடைக்கும் கடதாசிச் சாக்குகள் செய்கிறோம். ஒவ்வொரு கட்டிலும் கட்டியவரின் இலக்கமும் திகதியும் போட்ட சீட்டு இருக்கும். ஏழு நாடுகளில் தொழிற்சாலை உள்ள கம்பனி, சீனன்குடாப் பக்கம் ஒரு கொட்டகையோடு தொடங்கி மூன்றாக்கியிருக்கிறது. மூன்றாவதற்குச் சுப்பர்வைசர் நிரோஷினிதான் என்று எல்லோரும் கதைத்தார்கள். நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். மாலையில் ஒரே ஆங்கில வகுப்பு. நான் இலக்கணத்தை மூன்று நிறப் பேனைகளால் எழுதிப் படித்தும் வாய் திறக்கமாட்டேன். அவள் பிழை பிழையாகக் கதைப்பாள். வெளிநாட்டு அதிகாரிகள் வந்தால் அவளோடுதான் நின்று சிரிப்பார்கள். அவளுடைய பிழைகளையும் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.

இம்முறை நாற்பது கட்டுகள், சாக்குகளின் அடியில் பசை ஒட்டு விட்டுப்போய்த் திரும்பியிருந்தன. இன்னொரு தடவை வந்தால் மூன்றாம் கொட்டகையை மூடி, வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவார்களாம். மனேஜர் திகதியை வாசித்தார். ஜூன் பதின்மூன்று.

அந்தோனியார் திருநாள். எங்கள் பெருநாளுக்கு முதல் நாள் நான் பின்வாசலால் கிண்ணியாவுக்குப் போனபோது என் சீட்டுகளைப் போட்டு நிரோஷினி கட்டினாள். திருநாளன்று அவள் பூசைக்குப் போக, அவளுடையதைப் போட்டு நான் கட்டினேன். கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான். பசை காய இரண்டு மணித்தியாலம் விடவேண்டும். இரண்டு பேரின் கணக்கையும் முடிக்கும் அவசரத்தில் நான் ஒன்றுதான் விட்டேன்.

"இது உங்கட சீட்டுத்தானே?" மனேஜர் நிரோஷினியிடம் கேட்டார்.

நிரோஷினி திகதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஓம் சேர்."

பழியை ஏற்பதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் அவள் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். சுப்பர்வைசர் வேலை பற்றிக் கதைக்க மறுநாள் காலை எட்டு மணிக்கு மனேஜர் என்னை வரச்சொன்னது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சுப்பர்வைசர் மேடம், இனித் திருநாளுக்கு லீவு தருவீங்களோ?"

"நான்தான் கட்டினதெண்டு நீ ஏன்டி சொல்லேல்ல?"

"சொன்னா ரெண்டு பேரும் வேலை இல்லாம வீட்டதான். நான் கேட்டுத்தானே நீ கட்டினனீ, ஸஹ்ரா." சிரித்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பு முடியும்வரை அவள் ஒரு பிழைகூடக் கதைக்கவில்லை. கதைத்தால்தானே.

வீட்டுக்கு வந்து அதே கொப்பியில் ஜூன் மாதப் பக்கத்தைத் தேடினேன். பச்சைப் பேனையால், என் கையெழுத்தில்: 'ஒரு மணித்தியாலம் விட்டேன். போதுமா தெரியாது.'

காலையில் மனேஜரின் அறைக்கு வெளியே நின்றேன். கொப்பிக்குள், அந்தப் பக்கத்தில் என் விரல் இருந்தது. வியர்த்ததில் பச்சை மை விரலில் பிசுபிசுத்தது. உள்ளே கதிரை நகரும் சத்தம் கேட்டது. விரலை எடுத்தால் கொப்பி மூடிவிடும்.