நூற்றுப் பதினேழாம் எண் குதிரை

ஏலப் பட்டியல் தபாலில் வந்ததும் உறையைக் கிழிக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மேஜையைத் துடைக்க வேண்டும். பென்சில் சீவ வேண்டும். அதற்கப்புறம் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் புரட்ட வேண்டும். நல்ல காசையெல்லாம் முன்னால் போட்டு ஆளை மயக்கிவிடுவார்கள், மயங்குவதற்குள் பின்பக்கத்து மலிவுச் சரக்கைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

அவர் பல் செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் செதுக்கி, உலோகம் உருக்கி ஊற்றிக் கொடுப்பார். ஆனால் பழங்காசுச் சங்கத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. யார் எந்தக் காசு வாங்கி வந்தாலும் "பூதக்கண்ணாடிகிட்ட காட்டிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் லென்ஸை இடுக்கி, இரண்டு நிமிஷம் மூச்சுவிடாமல் பார்ப்பார். "அசல்" என்றால் அசல். "வார்ப்பு" என்றால் கொண்டுவந்தவர் முகம் ஒரு முழம் தொங்கிவிடும். மேல்முறையீடு கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் முறைப்படிதான் தொடங்கினார். செம்புக் காசுகளைக் கடந்து, உடைந்த காசுகளைக் கடந்து, வெள்ளிக்கு வந்தார். நூற்றுப் பதினேழாம் எண்ணில் பென்சில் நின்றது.

ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் எட்டுக் கதிர் நட்சத்திரம். பெயர் தெரியாத ஏதோ ஒரு சிற்றரசன் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அடித்த காசு. விளிம்பில், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், ஒரு விரிசல். குதிரையின் இடது காது தேய்ந்திருந்தது. கீழே ஒரு வரி: 'மறைந்த கண் மருத்துவர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து.'

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அது அவருடைய குதிரை.

எழுந்து போய் பீரோவைத் திறந்து, மூன்றாம் தட்டை இழுத்தார். குதிரை தன் குழியில் சமர்த்தாகப் படுத்திருந்தது. அதே விரிசல், அதே காது.

அந்தக் காலத்துக் காசு சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தது. ஒன்றுக்கு விழுந்த விரிசல் இன்னொன்றுக்கு விழாது. மனிதர் முகம் மாதிரி. இரண்டு காசில் ஒரே விரிசல் இருந்தால் ஒன்று மற்றதிலிருந்து அச்செடுத்து வார்த்தது. இதைச் சங்கத்தில் நூறு பேருக்கு வகுப்பெடுத்தவர் அவர். இந்தக் குதிரைக்கு அச்செடுத்தது யார் என்று துப்பறிய வேண்டிய வேலையும் இல்லை. எடுத்தவர் அவரேதான்.

கண் டாக்டர் சங்கத்தில் அவருக்கு உயிர் சிநேகிதர். அந்தக் குதிரைமேல் டாக்டருக்கு ஒரு கண். "யோவ், என்ன வேணும்னாலும் கேளுய்யா, அதைக் குடுத்துடு" என்று வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்தார். இவர் மசியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் டாக்டரின் அறுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு யோசனை தோன்றியது. பல் அச்செடுக்கிற பசையில் குதிரையை அழுத்தி, மெழுகு ஊற்றி, வெள்ளியை வார்த்து, மருந்தில் நனைத்துக் கறுப்பேற்றி, பெற்ற தாயே குழம்பிப்போகிற மாதிரி ஒரு நகல் செய்தார். சின்னப் பெட்டியில் வைத்து, 'இது என் கையால் செய்த நகல், அன்புடன் ஏற்றுக்கொள்ளவும்' என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

போன வருஷம் டாக்டர் காலமானார். இப்போது அந்த நகல் அசல் என்று ஏலத்துக்கு வந்து நிற்கிறது.

"ஏங்க, உங்க முகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர் வீட்டுல என் நகலை ஏலத்துக்கு விட்டிருக்காங்க. அசல்னு போட்டிருக்கு. எவனாவது ஏமாறப் போறான்."

"அவன் ஏமாந்தா உங்களுக்கென்ன?"

"செஞ்சவன் நானாச்சே!"

உடனே காகிதத்தை எடுத்து ஏல நிறுவனத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 'ஐயா, தங்கள் பட்டியலில் நூற்றுப் பதினேழாம் எண்ணில் உள்ள காசு என்னால் வார்க்கப்பட்ட நகல் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அதற்கான ஆதாரங்கள் வருமாறு.' ஆதாரம் என்றால் எடை. வார்ப்புக் காசு ஆறும்போது சுருங்கும், அசலைவிட எடை குறையும். பட்டியலில் போட்டிருந்த எடையைப் பார்த்தார். மூன்று புள்ளி நான்கு ஒன்று கிராம். தன் காசின் அட்டையை எடுத்தார். பதினெட்டு வருஷத்துக்கு முன் தன் கையால் எழுதியது: மூன்று புள்ளி நான்கு ஒன்று.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொண்டே, தட்டிலிருந்த குதிரையை எடுத்துத் தராசில் வைத்தார்.

மூன்று புள்ளி இரண்டு இரண்டு.

தராசைத் துடைத்தார். மறுபடி வைத்தார். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மூன்றாம் முறை வைத்தார். தராசு பிடிவாதமாக அதையே சொன்னது.

லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தார். இரண்டு நிமிஷம் தேவைப்படவில்லை. குதிரையின் வயிற்றோரம் ஊசி முனை அளவில் குழிகள். கொதிக்கும் வெள்ளியில் காற்றுக் குமிழி உடைந்த இடங்கள். சங்கத்தில் நேற்றுச் சேர்ந்தவன்கூட வார்ப்பு என்று சொல்லிவிடுவான். ஊரார் காசையெல்லாம் பார்த்த லென்ஸ் ஆறு வருஷமாகச் சொந்தக் காசின் பக்கம் திரும்பவே இல்லை. தன் காசை எதற்குச் சோதிப்பது? அட்டையில்தான் எழுதியிருக்கிறதே!

அன்றைக்கு நடந்தது இப்போது படம் மாதிரி ஓடியது. கறுப்பேற்றிய நகலும் அசலும் ஒரே துணிமேல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒரு பல் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, மூன்று மணிக்கு வர வேண்டிய பல் இன்னும் வரவில்லை என்று குதித்தார். பேசிக்கொண்டே ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைத் தட்டிலும் வைத்தார். அவ்வளவுதான்.

பூதக்கண்ணாடிக்கு அதற்கப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. பட்டறைக்குப் போய் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துத் தேய்த்தார், தேய்க்க வேண்டியதற்கு மேல் தேய்த்துவிட்டார். கூடத்துக்கு வந்தார். அரைகுறைக் கடிதம் மேஜைமேல் கிடந்தது. எழுத ஆரம்பித்தபோது அதில் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இப்போது மொத்தமும் பொய்.

பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. டாக்டரின் மகள்.

"அங்கிள், நான்தான். அப்பா பெட்டில நீங்க எழுதின லெட்டர் இப்பதான் கெடைச்சுது. நகல்னு எழுதியிருக்கீங்க. ஏலக்காரங்க ஆளு சோதிச்சுப் பாத்துட்டு அசல்னு சாதிக்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பா பேருல போலியை வித்தாங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது அங்கிள்."

"சரிம்மா."

"நகல்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பட்டியல்லேருந்து எடுத்துடறேன். எடுத்து உங்ககிட்டயே குடுத்துடறேன். நீங்க செஞ்சதுதானே."

அவர் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "அப்பா அதைப் பத்தி வேற எதாவது எழுதி வச்சிருக்காராம்மா?"

"நோட்டுல ஒரே வரிதான் அங்கிள். 'குதிரை, மூணு புள்ளி நாலு ஒண்ணு.' தேதி பொறந்தநாளுக்கு மறுநாள்."

"அரை மணி நேரம் குடும்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

வைத்துவிட்டு அப்படியே நின்றார். அசல் குதிரையின் எடை சங்கத்தின் சுற்றறிக்கையில் வந்தது. டாக்டருக்கு அது மனப்பாடம். ஆக, மறுநாளே தராசில் வைத்திருக்கிறார், மறுநாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மாதாமாதம் இங்கே வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கய்யா உன் குதிரை, காட்டு" என்று வாங்கிப் பார்த்து, "அருமை, அருமை" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அட கண் டாக்டரே!

விஷயத்தைக் கேட்டதும் மனைவி இடுப்பில் கை வைத்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் தம்பி, விடுமுறை நாளாதலால், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கேட்டான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மாமா? நகல்னு சொல்லுங்க. உங்க குதிரை உங்க லாயத்துக்கு வந்துடும்."

"பொய்யாச்சேடா."

"உங்க பொருளை நீங்க எடுக்கறதுக்குப் பேரு பொய்யா? அவரு ஆறு வருஷம் வாயைத் தொறக்காம இருந்தாரே, அதுக்கு என்ன பேரு?"

"தம்பி சொல்றதுல என்னங்க தப்பு?" என்றாள் மனைவி. "உண்மையைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஊருல இருக்கற காசுக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்றவரு, சொந்தக் காசை ஆறு வருஷமா அடையாளம் தெரியாம வச்சிருந்தாருன்னு சங்கமே சிரிக்கும்."

"கண்காட்சியில வேற வச்சீங்க மாமா. கண்ணாடிப் பெட்டி, தனி விளக்கு எல்லாம் போட்டு."

"டேய், நீ சும்மா இரு."

அவள் சொன்னதுதான் அவரையும் அரித்துக்கொண்டிருந்தது. பொய் சொன்னால் குதிரையும் வரும், பெயரும் நிலைக்கும். அசல் அவரிடம் இருப்பதாகத்தான் சங்கமே நம்புகிறது. வருகிறதைக் குழியில் வைத்துவிட்டால் நம்பிக்கை உண்மையாகிவிடும். ஓட்டை இல்லாத பொய். உண்மையில்தான் எங்கு பார்த்தாலும் ஓட்டை.

முன்னறைக்கும் பின்கட்டுக்குமாக எட்டு நடை நடந்தார். ஒரு நடைக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது, அடுத்த நடைக்குத் தன்மேல் வந்தது. ஒன்பதாம் நடையில் வேறொன்று குறுக்கே வந்து நின்றது. ஏலக்காரரின் ஆள் ஒருவன், முகம் தெரியாதவன், இந்தக் காசை லென்ஸில் பார்த்து அசல் என்று சொல்லியிருக்கிறான். சரியாகச் சொல்லியிருக்கிறான். பூதக்கண்ணாடி நகல் என்று சொன்னால் அவன் சொன்னது தப்பாகிவிடும். சரியாகப் பார்த்த ஒருவனின் கண்ணைத் தப்பாகப் பார்த்தவன் பொய்யாக்குவதா? டாக்டரை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். அசல் காசைப் பார்த்து வார்ப்பு என்று சொல்ல மட்டும் அவர் வாய் பழகியதில்லை.

அரை மணி ஆக நான்கு நிமிஷம் இருக்கும்போதே எண்ணை அழுத்தினார்.

"அசல்தாம்மா," என்றார் மூச்சைப் பிடித்துக்கொண்டு. "மாத்தி வச்சுக் குடுத்தது நான். நகல் என்கிட்ட இருக்கு. இன்னிக்குத்தான் எடை போட்டேன்."

"அப்ப இது உங்க காசு."

"ஆமாம்மா."

"அப்பாவுக்கு இது தெரியுமா அங்கிள்?"

மனைவி கதவோரம் நின்று, 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று கையை ஆட்டினாள். மச்சான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்," என்றார் அவர். "அவரு என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல." இதில் பொய் இல்லை.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடறேன் அங்கிள்."

சாயங்காலம் நான்கு மணிவரை அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தொலைபேசியை அவர் மூன்று முறை எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார்.

"எடுத்து எடுத்துப் பாத்தா அவ கூப்பிடறப்ப அடிக்காது மாமா," என்றான் மச்சான்.

கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "அங்கிள், என்னைத் தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் ஒத்துக்க மாட்டேங்கறான். அப்பாவுக்கு அன்பளிப்பா குடுத்ததுதானே, குடுத்தவரு ஆறு வருஷம் கழிச்சு வந்து மாறிப்போச்சுன்னு சொன்னா எப்படின்னு கேக்கறான். ஏலம் நடக்கட்டுமாம். வேணும்னா நீங்களும் கேக்கலாமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் அங்கிள்."

"தெரியும்மா. நீ வருத்தப்படாதே."

வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "வாயை மூடிக்கிட்டு ஒரே ஒரு வார்த்தை நகல்னு சொல்லியிருந்தா இந்நேரம் வீட்டுக்கு வந்திருக்கும். இப்ப பாருங்க. தன் குதிரைக்குத் தானே விலை கேக்கற மனுஷனை இந்த உலகத்துல எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"வாயை மூடிக்கிட்டு எப்படிக்கா சொல்றது?" என்றான் தம்பி.

"நீ எந்திரிச்சுப் போடா முதல்ல!"

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பு வந்தது, அதுவும் பாதியில் நின்றது. சண்டை போடலாம், வக்கீலைப் பார்க்கலாம். ஆனால் நகல் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் அவர்களிடம் இருக்கிறது. டாக்டரின் மகன் பேசுவதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. நாளை சங்கத்தில் அவரே எழுந்து சொல்லிவிட வேண்டும். வேறு வாயிலிருந்து வருவதற்கு முன்னால் தன் வாயிலிருந்து வர வேண்டும். முதல் வரிசையில் யார் யார் சிரிப்பார்கள் என்பதுவரை அவருக்குத் தெரிந்தது.

பட்டியலை மறுபடி எடுத்தார். இந்த முறை கை கழுவவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து விதிமுறைகளைப் படித்தார். ஏலம் பன்னிரண்டாம் தேதி. அதற்கு முன் இரண்டு நாள் பொதுப் பார்வைக்கு. வருகிறவர் எந்த எண்ணைக் கேட்டாலும் கையில் கொடுப்பார்கள், லென்ஸ் வைத்துப் பார்க்கலாம், முன்கூட்டி நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

"என்னத்தைப் படிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "அவ்வளவு விலைக்கு நாம எங்க போறது?"

"விலையை அப்புறம் பாப்போம். முதல்ல பாக்கப் போறேன்."

"பாத்து?"

"ஆறு வருஷமாச்சு, இன்னும் நான் அதைப் பாக்கவே இல்ல," என்று சொல்லிக்கொண்டே, நேரம் குறிக்கிற எண்ணைத் தேடிப் பக்கத்தைத் திருப்பினார். சனிக்கிழமை நான்கரை மணிக்கு ஆள் இருப்பார்களோ மாட்டார்களோ. எண்ணை அழுத்திவிட்டு, மணி போகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார்.