தப்பாகப் பதிந்ததைத் திருத்த

மருத்துவமனை மென்பொருளுக்கு அவள் முந்நூறு பக்கத்தில் கையேடு எழுதியிருந்தாள். அச்சுக்கு முன் சோதித்துப் பார்க்க அதைக் கொடுத்திருந்த வார்டில் அவளுடைய அண்ணிதான் நர்ஸ். ஒரு மதியம் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"ஒரு நோயாளியோட ரத்த வகையைத் தப்பா ஏத்திட்டேன். எப்படி மாத்துறது? உன் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் கை ஓய்ஞ்சு போச்சு."

"இருங்க அண்ணி, சொல்றேன்" என்றவளுக்கே பக்கம் அகப்படவில்லை. திரையிலிருந்த ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அத்தியாயம் வைத்திருந்தாள். தேடி எடுக்கப் பதினோரு நிமிடம் ஆனது. அவமானமாக இருந்தது.

மறுநாள், முழுவதையும் மாற்றி எழுதப் போவதாக மேலாளரிடம் சொன்னாள்.

"அச்சுக்குப் போக மூணு வாரம்தான் இருக்கு. விளையாடுறியா?"

"மூணு வாரம் போதும் சார். இப்படியே போறதா இருந்தா அதுல என் பேர் வேண்டாம்."

அவர் தலையைச் சொறிந்தாரே தவிர தடுக்கவில்லை.

நான்கு நாள் வார்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நர்ஸுகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதையெல்லாம் எழுதினாள். அறுபத்திரண்டு கேள்விகள் சேர்ந்தன. "வேறு வார்டுக்கு மாற்ற", "தப்பாகப் பதிந்ததைத் திருத்த" என்று ஒவ்வொன்றும் ஒரு தலைப்பானது. பொத்தான்களெல்லாம் கடைசிப் பக்கங்களுக்குப் போயின.

மூன்றாம் வாரம், கம்ப்யூட்டர் என்றாலே முகம் சுளிக்கும் தலைமை நர்ஸிடம் புதிய பிரதியைக் கொடுத்தாள். அவர் யாரையும் கேட்காமல் ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் பதிவை முடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இரட்டைக் குழந்தை பிறந்தா எப்படிப் பதியுறதுன்னு எங்கேம்மா?"

அவள் பேனாவைத் திறந்தாள்.