தலைவலிப் பொடி

கரையேறிய மல்சுன் வலைப்பையிலிருந்த கடல் நத்தைகளைப் பாறையில் கொட்டிவிட்டு ரப்பர் உடையை உரித்தாள். விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த உடைக்குள் நுழைந்துவிட்டால் நினைத்தபோது ஒதுங்க முடியாது. அதனால் கொரியாவின் ஜெஜு தீவில் மூழ்கப் போகிற பெண்கள் எவரும் குடிப்பதில்லை. ஆழத்தில் தலை பிளக்கும் என்பதால் வாயில் போடுவதெல்லாம் தலைவலிப் பொடிதான். இறங்குமுன் ஒன்று, நடுவில் ஒன்று. பருவம் தொடங்கும்போது மீனவர் சங்கமே அதைப் பெட்டியாகக் கொடுத்துவிடும்.

"சீக்கிரம் வாடி, எலும்பு ஊசிக்கு வேன் நிக்குது!" என்று கத்தினாள் கூட மூழ்குகிற கியோங்ஜா. "சங்கத்துல இனாமா போடுறாங்க. உன் இடுப்பு உடையாம இருக்கணும்ல?"

"புருஷனையே தாங்கின இடுப்புடி. கடலைத் தாங்காதா?"

கிளினிக்கில் உட்கார இடமில்லை. நர்ஸ் சோயுன் குனிந்து கேட்டாள்: "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

"மருந்தா? எனக்கென்ன நோயா நொடியா?"

மல்சுன் பொய் சொல்லவில்லை. பொடியை மருந்தென்று அந்தக் கரையில் யாரும் நினைத்ததே இல்லை.

"ரெண்டு தம்ளர் தண்ணி குடிங்க. இது மெதுவாத்தான் ஏறணும், கால் மணி நேரமாவது ஆகும்..."

"சோயுன்!" உள்ளேயிருந்து டாக்டர் அதட்டினார். "சாப்பாட்டுக்கு முன்னாடி அத்தனை பேரையும் முடிக்கணும். அங்க என்ன கதை?"

குடிக்கத் தண்ணீர் யாரும் கொண்டுவரவில்லை. சோயுன் மல்சுன் கையில் ஊசியைக் குத்தி, மருந்து பாட்டிலிலிருந்து இறங்கும் குழாயின் சக்கரத்தைத் தள்ளித் திறந்தாள். சொட்டிக்கொண்டிருந்த மருந்து நூலாக ஓடியது. கியோங்ஜா தன் மருமகளைத் திட்டி முடிப்பதற்குள் பாட்டில் காலி.

அன்றிரவு காய்ச்சல் கொதித்தது. ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மல்சுன் கைக்கெட்டிய பொடியைப் பிரித்துப் போட்டுக்கொண்டாள், திரும்பத் திரும்ப. சிறுநீர் குறைந்தது, பிறகு கால்கள் வீங்கின.

"காய்ஞ்ச உடம்பு, நாள்பட்ட பொடி, அதுமேல அவசரமா ஏத்தின ஊசி" என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். "ரத்தத்தைப் பார்த்துட்டு இல்ல போட்டிருக்கணும்? சிறுநீரகம் போயிடுச்சேம்மா."

இப்போது மெஷின்தான் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. கடல் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது, இறங்கத்தான் கூடாது. புதுப் பருவம் தொடங்கிய அன்று சங்கச் செயலாளர் ஹியோன் ஒரு பையோடு வந்தான்.

"பொடி சாப்பிடுறதை நீங்க மறைச்சுட்டதா கிளினிக்ல சொல்றாங்க அத்தை. இதுல சங்கம் என்ன செய்ய முடியும்?"

"மறைச்சேனா? கேட்டவ தண்ணி குடிக்கச் சொன்னா. குடிக்க விட்டானா அந்த டாக்டர்?"

"உடம்பைப் பாத்துக்கங்க" என்று பையை வைத்துவிட்டு ஹியோன் செருப்பைத் தேடினான்.

கார் சத்தம் ஓய்ந்த பிறகு மல்சுன் பையைப் பிரித்தாள். சங்கம் எல்லாருக்கும் கொடுக்கிற பருவப் பரிசு அது. ஒரு துண்டு, மூழ்குவதற்குப் புதுக் கையுறை. அடியில், பிரிக்காத ஒரு பெட்டி தலைவலிப் பொடி.