உண்ணிச்செடி வேலி

எனக்கு வாய் நீளம். பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீடுகள் முழுக்க அது தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் நீட்டினேன்.

லைனில் கடைசியாக, மேட்டை ஒட்டி இருப்பவை எங்கள் வீடும் வேலுவின் வீடும். கோடையில் மேட்டுப் புல் காய்ந்து தீப்பிடிக்கும் என்பதால், சர்ச்சில் பூசை முடிந்து வந்து எல்லோரும் அவரவர் வீட்டைச் சுற்றிப் புல்லையும் புதரையும் மண் தெரிய வெட்டினார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த உண்ணிச்செடி வேலி மட்டும் காய்ந்துபோய் என் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதை எடுத்துவிடலாம் என்று வேலு கேட்டு வந்தான்.

வீட்டுக்கு இன்னும் பத்திரம் கிடையாது. வேலிதான் எல்லை. என் வீட்டுக்காரர் இன்பராஜ் மழைக்கு மழை வேலுவின் பக்கம் புது வரிசை நட்டு, பழைய வரிசையை வெட்டிவிடுவார். தண்ணீர் ஊற்றியவள் நான்தான்.

"எங்க எடத்து மேல கண்ண வெச்சினுதானே வேலிய எடுக்கச் சொல்ற? போ, உன் வேலையப் பாரு," என்றேன். வேலு திரும்பிப் போய்விட்டான்.

புதன்கிழமை பகலில் மேட்டிலிருந்து தீ இறங்கியது. என் வீட்டுக்காரர் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார். வெட்டிய இடங்களிலெல்லாம் தீ நின்றுவிட்டது. எங்கள் வேலியில் மட்டும் சடசடவென்று பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி வந்தது. உள்ளே படுத்த படுக்கையாக மாமனார். என்னால் அவரை அசைக்கக்கூட முடியவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த வேலு லுங்கியோடு ஓடிவந்தான். மாமனாரைத் தூக்கிப்போய்த் தன் வீட்டில் படுக்கவைத்தான். திரும்பி வந்து கூரையோரம் இருந்த வேலியை வெட்டித் தள்ளினான். அவன் மனைவி மாலாவும் நானும் நனைத்த சாக்கால் அடித்து அணைத்தோம். வீடு தப்பியது.

புகை அடங்கியதும், கொப்புளித்த கையோடு வேலு கல் பொறுக்க ஆரம்பித்தான். கருகிய வேலி நின்ற இடத்தில் அவற்றை வரிசையாக வைத்துக்கொண்டே போனான்.

"அண்ணன் வந்து எல்ல எங்கன்னு கேட்டா இதக் காட்டுங்க, லூயிசாக்கா."

முதல் கல்லைத் தூக்கி வந்து, எங்கள் பக்கம் தள்ளி, முதன்முதல் வேலியின் தூர் இருந்த இடத்தில் வைத்தேன்.

"இங்கதான் வேலு. உன் எடம் இதுவரிக்கும்."

அவன் நிமிரவில்லை. "தெரியுங்கக்கா," என்றான். "நீங்க தண்ணி ஊத்தும்போது பார்த்துனுதான் இருந்தேன்."

அவன் வீட்டுக்குள்ளிருந்து மாமனார் இருமுவது கேட்டது. மாலா அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். குனிந்து அடுத்த கல்லை எடுத்தேன்.