அளவுநாடா அல்லாத ஒன்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பத்திரிகைச் செய்தியிலிருந்து பிறந்தது. செய்தியை எழுதியவன் நான். அதிலிருந்த ஒரே ஒரு வரி அச்சில் வந்திருக்கவே கூடாது. வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும்.

எப்படித் தொடங்குவது என்று நான்கு மாதமாகத் திண்டாடுகிறேன். முதல் வரைவு இப்படி:

"ஒரு தையல்காரரின் எட்டு வயது மகள் நீதிமன்றத்துக்கு வந்தபோது அவள் கையில்..."

அடித்துவிட்டேன். அப்பா தையல்காரர் இல்லை. [தையல்காரர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான தொழிலைச் சொன்னால் இன்றைக்கும் நான் நீதிமன்ற உத்தரவை மீறியவன் ஆவேன். அந்தத் தடைக்குக் கடைசித் தேதி கிடையாது. "மறு உத்தரவு வரும்வரை" என்றிருக்கிறது, மறு உத்தரவு வரவில்லை.] எட்டு வயதும் இல்லை. மகள் என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். யார் அனுமதித்தார்கள் என்பது கடைசியில் தெரியும்.

2

அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள், பிள்ளை யாரோடு இருப்பது என்று வழக்கு. இப்படி எத்தனையோ வழக்குகள் நடக்கின்றன, பத்திரிகைகள் எட்டிப் பார்ப்பதில்லை. இதில் ஒரு சட்டக் கேள்வி இருந்தது. அவ்வளவு சின்னப் பிள்ளையிடம் நீதிபதி நேராகக் கேட்கலாமா, கேட்டால் அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு? பிள்ளை பெற்ற எல்லோருக்கும் உபயோகமான கேள்வி. அதனால் நீதிபதி நிருபர்களை உள்ளே விட்டார். விடுமுன் உத்தரவைப் படித்தார். பெயர், தெரு, பள்ளி, பெற்றோரின் தொழில், பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய வேறு எதுவும் எழுதக் கூடாது.

பிறகு அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, எழுத்தரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளையின் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ சொல்றதை பின்னாடி இருக்கிறவங்க எழுதுவாங்கம்மா. ஆனா சொன்னது நீதான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதை நான் பாத்துக்கிறேன், சரியா?"

அவள் நிருபர்களான எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"அம்மா வீட்ல இருக்கணும்னு தோணுதா, அப்பா வீட்லயா?"

அவள் சட்டைப் பையிலிருந்து ஓர் அளவுநாடாவை எடுத்தாள். ஒரு நுனியை அம்மாவின் கையில் கொடுத்தாள். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அப்பா இருந்த பெஞ்சை நோக்கி நடந்தாள். பாதி வழியிலேயே நாடா முடிந்துவிட்டது.

"அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. எட்ட மாட்டேங்குது."

அப்பா தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

[கதை விடுகிறான் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். அது அளவுநாடா இல்லை, அவள் செய்ததும் இது இல்லை. நடந்தது இதைவிட எளிமையாக, இதைவிட நன்றாக இருந்தது. அதை எழுதித்தானே மாட்டிக்கொண்டேன்.]

3

எங்கள் அலுவலகத்தில் நீதிமன்றச் செய்திகளைத் திருத்துகிற தலைமை உதவி ஆசிரியரைக் கத்தரி அக்கா என்போம். அவர் காதுபடவே சொல்வோம். அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நாற்காலி. ஒரு கை உடைந்தது. அதற்கு "பக்கத்து வீட்டுக்காரம்மா நாற்காலி" என்று பெயர். தடையுத்தரவு உள்ள செய்தி எதுவாக இருந்தாலும், எழுதியவர் அதில் போய் உட்கார வேண்டும். அக்கா செய்தியைச் சத்தமாக வாசிப்பார். நாம் அந்தக் குடும்பத்தின் பக்கத்து வீட்டுக்காரம்மாவாக மாறிக் கேட்க வேண்டும். "அட, இது நம்ம அவங்கதானே" என்று தோன்றுகிற இடத்தில் கையைத் தூக்கினால், அந்த இடம் போய்விடும்.

"பேரை எடுத்தா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குப் பேரு எதுக்கு? கொடியில காயுற துணியே போதும்" என்பார் அக்கா.

அன்றைக்கு அக்கா பல் பிடுங்கப் போயிருந்தார். விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர், "நான் வேணா வாசிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார், நானே பாத்துக்கிறேன்" என்றேன். அதாவது [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.]

உட்காரத்தான் செய்தேன். பெயர் இல்லை, தெரு இல்லை, பள்ளி இல்லை, தொழில் இல்லை. நாடா வந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். சந்தேகம் வந்ததால் இல்லை. அவ்வளவு பிடித்திருந்தது. உத்தரவுக்கு என் அர்த்தம் இவ்வளவுதான்: பட்டியலில் உள்ளதை எடுத்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரம்மா உட்கார வேண்டிய இடத்தில் எழுத்தாளன் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பிள்ளை அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் திரிகிறவள் என்பது அவள் தெருவுக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

4

செய்தி வந்த ஐந்தாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பறைச் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் பத்திரிகை, அந்தப் பக்கம் மட்டும் தனியாக மடித்தபடி.

"எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. படிச்சிட்டு எனக்கே அழுகை வந்துடுச்சு. அதான் என்ன சொல்றதுன்னு தெரியலை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கிளாஸ்ல பிள்ளைங்க ஸ்கிப்பிங் கயிறை பெஞ்சுக்கு பெஞ்சு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, எட்டலை எட்டலைன்னு கத்துதுங்களாம். இவ ஜட்ஜம்மாதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்கன்னு நினைச்சிட்டிருக்கா. இப்பல்லாம் யார்கிட்டயும் வாயத் தொறக்குறதில்லை. அதைக் கையிலயும் எடுக்கிறதில்லை. டிராயர்ல போட்டு மூடிட்டா."

மன்னிப்பைப் பத்திரிகையில் போடுகிறோம் என்றேன். சொல்லும்போதே அதன் முட்டாள்தனம் உறைத்தது. எதற்கு மன்னிப்பு என்று படிக்கிறவர்கள் தேடிப் போவார்கள்.

"அதெல்லாம் வேண்டாம் சார். சொன்னது ஜட்ஜம்மா இல்லைன்னு அவளுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. போதும்."

வரவேற்பறை மேஜையிலேயே எழுதினேன். ஒரு பக்கச் செய்தியை அரை மணியில் முடிக்கிறவன், மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில் எழுதியது: "சொன்னது ஜட்ஜம்மா இல்லை. நான். தப்பு என்னுடையது." அம்மா அதைப் படித்துப் பார்த்து, பர்ஸின் உள்பையில் வைத்துக்கொண்டு போனார்.

நீதிபதி எங்களைக் கூப்பிட்டு விசாரித்ததும் எழுத்தில் மன்னிப்புக் கேட்டதும் தனிக்கதை. அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "அந்தப் பிள்ளைகிட்ட நான் குடுத்த வாக்கு அது." கத்தரி அக்கா வீங்கிய கன்னத்தோடு வேலைக்கு வந்து, அந்த வரியை வாசித்தார். "நல்ல வரிப்பா. அதான் உனக்குக் காது அடைச்சுப்போச்சு" என்றார்.

5

இனி முடிவு. தீர்ப்பு என்ன ஆயிற்று, யாரோடு வளர்ந்தாள் என்பதைச் சொல்ல மாட்டேன். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்த கேள்வி வேறு. டிராயரில் போட்டு மூடியதை அவள் மறுபடி கையில் எடுத்தாளா? இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டேன். அதனால் ஒன்றுக்கொன்று வேறான மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) வளர்ந்து பெரிய தையல்கடை வைக்கிறாள். கழுத்தில் அளவுநாடா.

ஆ) வக்கீலாகி, அதே நீதிமன்றத்தில் சின்னப் பிள்ளைகளுக்காக வாதாடுகிறாள். [பரிசுக் கதைகளின் முடிவு. எழுதியபோதே கூசியது.]

இ) ஒருநாள் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு பெண். கைப்பையைத் திறக்கும்போது உள்ளே நாடாவின் மஞ்சள் நுனி தெரிகிறது. நான் எதுவும் பேசாமல் இறங்கி...

இந்த மூன்றாவதை எழுதி முடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. வந்தவுடன் பயமாகவும் இருந்தது. போன தடவை, செய்தியில் அந்த வரியை எழுதியபோதும் இப்படித்தான் வந்தது.

6

முழு வரைவையும் ஓர் உறையில் போட்டு, அந்த வழக்கில் அம்மாவுக்காக ஆஜரான வக்கீலம்மாவிடம் கொடுத்தேன். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்காங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. இதை மட்டும் சேர்த்துடுங்க. வேண்டாம்னா கிழிச்சுப் போடச் சொல்லுங்க. என்கிட்ட வேற பிரதி இல்லை."

[இங்கிருந்து "அவர்". வளர்ந்துவிட்டார்.]

ஏழு வாரம் கழித்து உறை திரும்பி வந்தது. தாள் முழுக்க அவருடைய பச்சை மைத் திருத்தங்கள். கத்தரி அக்காவே தோற்றார். இரண்டாம் பகுதியில் ஆறு வரிகளை அடித்துவிட்டார். அதனால்தான் அது அங்கே கொஞ்சம் நொண்டுகிறது. "மகள்" என்ற சொல்லைச் சுற்றி வட்டம், பக்கத்தில்: "இருக்கட்டும்." நாடாவுக்கு: "நல்லா மாத்தியிருக்கீங்க. எனக்கே நாடாதானோன்னு தோணிடுச்சு." முடிவு ஆ-வுக்கு எதிரே: "ஐயோ, தயவுசெஞ்சு வேண்டாம்."

நான்காம் பகுதியில், சீட்டுக்குப் பக்கத்தில் இப்படி இருந்தது: "கடைசி வரியை விட்டுட்டீங்க. 'நீ செய்தது அழகாக இருந்தது. அதை நான் எடுத்திருக்கக் கூடாது.' அதையும் போடுங்க."

அப்படி ஒரு வரி எழுதியது எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. அவருக்கு இருக்கிறது. சீட்டே கூட இருக்கலாம்.

முடிவு இ முழுவதையும் ஒரே கோட்டில் அடித்திருந்தார். கீழே:

"எடுத்தேனா இல்லையாங்கிறது என் விஷயம். உங்களுக்குச் சொல்லப் போறதில்லை. ஆனா இந்தத் தடவை கேட்டீங்க. மத்ததைப் போட்டுக்கங்க. அந்த முடிவுகளையும், நான் அடிச்சதுன்னு சொல்லிட்டுப் போடலாம்."

7

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இருக்கிறது. அது அவரிடம் பத்திரமாக இருக்கிறது, எனக்கும் தெரியாது.

கத்தரி அக்கா ஓய்வு பெற்றபோது அந்த உடைந்த நாற்காலியை என்னிடம் தள்ளிவிட்டார். இப்போது என் மேஜைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. இவ்வளவு நேரம் அதில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தான். எங்கேயாவது கை தூக்கத் தோன்றியதா? இல்லையென்றால் எனக்கு நிம்மதி.

ஒருவேளை தோன்றியிருந்தால், அவர் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தால், நாளைக் காலையில் வழக்கம்போல வாசலில் பார்ப்பீர்கள். சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். மழை வருமா என்று கேளுங்கள். அவர் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள்.